பெரிய மச்சானின் குவளை

காணும் பொங்கலன்று மத்தியானம், முப்பத்தெட்டுச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சௌந்தரபாண்டியனின் வெள்ளை வேட்டியில் டீ வழிந்தது. பொங்கலுக்குப் பொங்குவது நல்ல சகுனம்தான். ஆனால் பானையில் பொங்க வேண்டும், வேட்டியில் பொங்கக் கூடாது.

டீயை ஊற்றியது அவர் மனைவி தங்கலட்சுமி. அவள்மேல் ஒரு தப்பும் கிடையாது. கணவரின் குவளையில் இரண்டு கரண்டி ஊற்றினாள். தங்கை பிரியாவின் வீட்டுக்காரன் உதயகுமாரின் குவளையிலும் அதே இரண்டு கரண்டிதான். உதயகுமாரின் குவளையில் டீ விளிம்புக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு அடக்கமாக நின்றது. மூத்த மருமகனான சௌந்தரபாண்டியனின் குவளையிலோ நிற்க இடமில்லாமல் வெளியே வந்துவிட்டது.

இரண்டு குவளைகளையும் சக்கரத்தில் வைத்துத் தன் கையால் வனைந்து, பொங்கல் சீரோடு சேர்த்துக் கொடுத்தவன் மாரிக்கண்ணன். தங்கலட்சுமிக்குத் தம்பி, பிரியாவுக்கு அண்ணன். அந்த நேரத்தில் அவன் வாசலில் நின்று கரும்பு கடித்துக்கொண்டிருந்தான். வாயில் சக்கை இருக்கும்போதே உள்ளேயிருந்து சௌந்தரபாண்டியனின் குரல் வந்தது.

“மாப்ள, இங்க வா. சின்னவருக்குப் பெருசு, பெரியவனுக்குச் சிறுசு. இது எந்த ஊரு மொறை?”

மாரிக்கண்ணன் பிறவிக் குயவன் இல்லை. அருப்புக்கோட்டையில் எரிந்துபோன விசைத்தறி மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மதுரையில் பானை வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஓர் அம்மாள், கரண்டில் சுற்றும் சக்கரம் ஒன்றை ரிப்பேருக்குப் போட்டுவிட்டுப் போனார். போனவர் மகனோடு கனடாவில் குடியேறிவிட்டார். “நீங்களே வச்சுக்கங்க தம்பி” என்று போனில் சொல்லிவிட்டார். காயில் கட்டிய சக்கரம் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்க்க ஒரு கை மண்ணை அதன்மேல் வைத்தான் மாரிக்கண்ணன். வைத்த கையை அப்புறம் எடுக்கவே இல்லை. கடையில் மோட்டார்கள் வரிசையில் நின்று துரு ஏற, அவன் கொல்லையில் ஒரு சூளையும் கட்டி, கைப்பிடி வைத்த குவளைகளாகச் செய்து தள்ளினான்.

மச்சான்மாருக்கென்று செய்தபோது முறை தவறக் கூடாது என்று படாத பாடுபட்டிருந்தான். மூத்தவருக்கு ஒரு விரல் கூட இருக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் மேலே என்ற தகராறில் ஒரு கல்யாணமே நின்றுபோன குடும்பம் அது. அதனால் பெரிய மச்சானுக்கு ஒரு விரல் உயரமாக, ஒரு விரல் அகலமாக வனைந்தான். அதோடு விட்டானா? திருச்சுழிக்குத் தெற்கே மச்சானின் சொந்த ஊர்க் கண்மாய்க்கே போய், ஒரு சாக்கு மண் எடுத்துவந்து அதில் செய்தான். சின்ன மாப்பிள்ளைக்கு மதுரைக் கடையில் விற்கும் பாக்கெட் மண் போதும் என்று விட்டுவிட்டான். மரியாதை கூடிப்போனதால் வந்த வினை இது. கண்மாய் மண் காயும்போது கொஞ்சம், சூளையில் கொஞ்சம் என்று சுருங்கிச் சுருங்கி, பாக்கெட் மண்ணைவிடச் சிறுத்துப் போனது.

சீர்த்தட்டில் வைக்கும்போதே அவன் மனைவி முத்துலட்சுமி பார்த்துவிட்டாள். “ஏங்க, பெரியவுகளுது சின்னதா இருக்கே?” என்றாள். மாற்றி வைக்கவும் வழியில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரி, ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு குவளையின் அடியிலும் ஆணியால் பெயர் வெட்டியிருந்தான். “ஒரு நூல்தான். யாரு அளக்கப் போறா?” என்றான். அளந்துவிட்டார்கள்.

இப்போது முப்பத்தெட்டு பேர் நடுவில், வாயிலிருந்த சக்கையை எங்கே துப்புவது என்று தெரியாமல் விழுங்கிவிட்டு, அவன் சொன்னான்: “மச்சான், செய்யிறப்ப ஒங்களுதுதான் பெருசு. சத்தியமா. ஒங்க கண்மாய் மண்ணு காயக் காய ரொம்பச் சுருங்கிருச்சு.”

“தப்பு நடந்துபோச்சு மச்சான்” என்று கையைப் பிடித்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். உண்மையைச் சொன்னான், கெட்டான்.

“மண்ணு சுருங்குமா?” சௌந்தரபாண்டியன் எழுந்து நின்றார். வேட்டியில் டீக்கறை ஒரு ஜில்லா வரைபடம்போலப் படர்ந்திருந்தது. “பதினஞ்சு ஏக்கர் வச்சிருக்கேன். எத்தன கோடை காஞ்சு வெடிச்சுக் கெடந்திருக்கு. ஒரு செண்டு சுருங்கியிருக்கா?”

“அது வேற, மச்சான்…”

“அப்ப எங்க ஊரு மண்ணு சுருங்குற மண்ணு. மதுரை மண்ணு சுருங்காத மண்ணு. அதான சொல்ல வார?”

அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. அது மாரிக்கண்ணன் முகத்திலும் தெரிந்துவிட்டது.

“வைகாசியில எம்மகளுக்குக் காதுகுத்து” என்றார் சௌந்தரபாண்டியன். “குலசாமி மேல சத்தியமாச் சொல்றேன். எம்மக ஒன் மடியில உக்கார மாட்டா.”

சீர்த்தட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு அவரே சேர்த்துக்கொண்டார்: “சீரு கொண்டாரட்டும். அது வேற. மடி மட்டும் கெடையாது.”

பஸ்ஸில் வரும்போது மாரிக்கண்ணன் அழுதான். முத்துலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பார்க்காத மாதிரி இருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தாமல் குத்தினால் அது காதுகுத்தா? காதில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். அதுவும் எந்தப் பிள்ளைக்கு? அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த தன்ஷிகாவுக்கு. அந்த ஒன்பது வருடமும் அக்காவுக்காக அவன் ஏறாத கோயில் இல்லை. பிறந்தன்று ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனவனின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை விடவே இல்லை. நர்ஸம்மா வந்துதான் பிரித்துவிட்டார். அந்தப் பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொள்ள முடியாமல் போனால், பிறகு தான் மாமன் என்று சொல்லிக்கொண்டு என்ன பிரயோசனம் என்று நினைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘மச்சானுக்குப் பெரிய குவளை ஒன்று செய்துவிட்டால் மனசு இளகும்’ என்று முடிவு செய்தான்.

தை முடிவதற்குள், சுருக்கத்துக்கும் சேர்த்துக் கணக்குப் பண்ணி, முன்னதைவிடப் பெரிதாக ஒன்று செய்து கொண்டுபோய்க் கொடுத்தான். சௌந்தரபாண்டியன் அதை உழக்கால் தண்ணீர் ஊற்றி அளந்தார். “பரவால்ல” என்றார். சத்தியத்தைப் பற்றிப் பேச்சில்லை.

மறுநாள் காரியாபட்டியிலிருந்து உதயகுமாரின் போன் வந்தது. அவன் நல்ல பையன். தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வேலைக்குப் போய்வருகிறவன், யார் வம்புக்கும் போகாதவன்.

“மச்சான், நான் கேக்கல. பிரியாதான் கேக்கச் சொல்றா. பெரியவுகளுக்கு ஒரு விரல் கூட இருக்கலாம், அது மொறை. மூணு விரல் கூட இருந்தா என்ன மச்சான் அர்த்தம்?”

அவனுக்கும் ஒன்று செய்தான். அது பாக்கெட் மண், நினைத்த அளவு சுருங்கவில்லை. மூத்தவருடையதைத் தாண்டிவிட்டது. மறுபடி மூத்தவருக்கு, மறுபடி இளையவருக்கு. மாசி முடிவதற்குள் இரண்டு பேருடைய குவளையும் தூக்குவாளி அளவுக்கு வந்து நின்றது. அதுவும் சும்மா நிற்கவில்லை. யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் சௌந்தரபாண்டியன் அது நிறைய டீ போடச் சொல்லி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துக் காட்டினார். மிச்சம் வைத்தால் சின்னதே போதும் என்று ஆகிவிடும் அல்லவா? பங்குனியில் இரண்டு வாரம் அவருக்குத் தூக்கமே இல்லை என்று தங்கலட்சுமி போனில் சொன்னாள். “ஒம் மச்சான் விடியவிடிய ஒக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்காகடா தம்பி.”

சௌந்தரபாண்டியனின் சித்தப்பா பூமிநாதன் நடுவில் வந்தார். ஊரில் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு எல்லாம் தீர்த்து வைப்பவர். “ரெண்டு பேருக்கும் ஒரே மண்ணுல செய்யப்பா” என்றார். நியாயமான பேச்சு. எந்த மண்? கண்மாய் மண் என்றால், “நான் என்ன அவுக கண்மாயிலயா பொழைக்கேன்?” என்றான் உதயகுமார். பாக்கெட் மண் என்றால், சௌந்தரபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். சரி, பாதிக்குப் பாதி கலந்துவிடு என்று தீர்ப்பானது. கலந்து செய்தான். ஒன்று வேகமாகச் சுருங்க, இன்னொன்று மெதுவாகச் சுருங்க, பாகம் பிரிக்கிற பங்காளிகள்போல அவை சூளைக்குள்ளேயே சத்தம் போட்டுப் பிரிந்தன. ஆறு குவளைகளில் ஒன்றுகூட முழுசாக வெளியே வரவில்லை.

முத்துலட்சுமிக்குப் பொறுமை போய்விட்டது. “கடையில பதினோரு மோட்டாரு கெடக்கு. தறிக்காரவுக வாசல்ல வந்து நின்னு வையிறாக. ஒரேயடியா எவனும் வாயத் தெறக்க முடியாத அளவுக்கு ஒண்ணு செஞ்சு போட்டுத் தொலைங்க!”

கோபத்தில் சொன்னதுதான். மாரிக்கண்ணன் அதை யோசனையாக எடுத்துக்கொண்டான்.

சித்திரை ஒன்றாம் தேதி ஆரம்பித்தான். சக்கரத்தின் மோட்டார் அந்தப் பாரத்துக்கு முனகியதால் அதைக் கழற்றிவிட்டு, ஒரு விசைத்தறி மோட்டாரை மாட்டினான். உடைந்த ஆறு குவளைகளையும் உலக்கையால் இடித்துப் பொடியாக்கிக் கண்மாய் மண்ணோடு சேர்த்துப் பிசைந்தான். அந்தப் பொடி சேர்ந்தால் மண் அவ்வளவாக வெடிக்காது. மூன்று வளையமாக வனைந்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினான். உள்பக்கம் மண்ணை ஏற்றும்போது தோள்வரை கை உள்ளே போனது. கைப்பிடி அவன் முழங்கைத் தடிமன் இருந்தது. இரண்டு தடவை கழன்று விழுந்தது, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை பெயரை அடியில் வெட்டவில்லை. அதைக் கவிழ்த்துப் பார்க்க யாரால் முடியும்? விலாவில், பஸ்ஸுக்கு ஊர்ப் பெயர் எழுதுகிற அளவில் ‘சௌந்தரபாண்டியன்’ என்று வெட்டினான்.

ஈரச் சாக்கால் மூடி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒரு மாதம் நிழலில் காயவைத்தான். சுடுவதற்குத் தூக்கிப்போனால் சூளை வாசலில் நுழையவில்லை. சூளையை இடித்து, குவளையை நடுவில் வைத்து, அதைச் சுற்றிச் சூளையை மறுபடி கட்டினான். இரண்டு நாள் வேலிக்கருவை விறகு எரிந்தது. ஆறவிட்டு மறுபடி இடித்தபோது, முழங்காலுக்கு மேல் உயரத்தில், கருஞ்சிவப்பாக, ஒரு கீறல் இல்லாமல் அது உட்கார்ந்திருந்தது. அவ்வளவு சுருங்கியும் அவ்வளவு பெரியது.

முதலில் உதயகுமாரைத்தான் கூப்பிட்டுக் காட்டினான். அவன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான்.

“எனக்கு வேணாம் மச்சான்” என்றான். “இத பஸ்ஸுல ஏத்துனா கண்டக்டரு லக்கேஜ் டிக்கெட்டுப் போடுவாரு. பிரியாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

அப்படியாக இளைய மருமகன் போட்டியிலிருந்து விலகினான். மூத்தவரின் பங்கு பாக்கி இருந்தது.

காதுகுத்தன்று காலை, திருச்சுழிப் பக்கத்துக் குலசாமி கோயிலுக்கு லோடு ஆட்டோவில் மாமன் சீர் வந்து இறங்கியது. பழத்தட்டு, பட்டுப்பாவாடை, தங்கக் கம்மல், மாலை, கடைசியில் வைக்கோல் சுற்றிய குவளை. நான்கு பேர் அதை இறக்கி வேப்பமரத்தடியில் வைத்தார்கள். கூட்டம் முழுக்க அங்கே நகர்ந்தது. சௌந்தரபாண்டியன் வந்து தன் பெயரை ஒரு தடவை வாசித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது.

“இது மொறை” என்றார்.

“அப்ப மடி, மச்சான்?” என்றான் மாரிக்கண்ணன்.

அவர் முகம் சுண்டிப்போனது. அவருக்கும் ஆசைதான், பார்த்தாலே தெரிந்தது. “குலசாமி மேல சத்தியம் பண்ணிட்டேனே மாப்ள. அதுவும் முப்பத்தெட்டு பேரு முன்னாடி. அந்தச் சாமி இந்தா எதுத்தாப்புல உக்காந்திருக்கு.”

முடி எடுத்துச் சந்தனம் பூசிய தலையோடு தன்ஷிகா கோயில் கூரை பெயர்ந்துவிடும்போல அழுதுகொண்டிருந்தாள். பெரியப்பா முறை ஒருவரின் மடியில் உட்கார்த்தினார்கள். அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். சித்தப்பா முறை ஒருவரின் மடியில் வைத்தார்கள். அவர் புதுச் சட்டையை நனைத்தாள். ஆசாரி தங்கக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல நேரம் முடிய இருபது நிமிடம்தான் இருக்கிறது என்றார். மாரிக்கண்ணன் ஒரு தூணோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். அவன் கை இரண்டும் தானாக நீண்டு நீண்டு மடங்கின.

கத்துகிற பிள்ளையை முத்துலட்சுமி கையில் வாங்கினாள். கீழே விடலாம் என்றால் வெயிலில் தரை கொதித்தது. சுற்றிப் பார்த்தாள். மரத்தடியில் குவளை நிழலில் இருந்தது. அடியில் வைக்கோலைப் பரப்பி, பிள்ளையைத் தூக்கி உள்ளே உட்கார்த்திவிட்டாள்.

அழுகை நின்றது. விளிம்புக்கு மேல் சந்தனத் தலை மட்டும் தெரிந்தது. உள்ளேயிருந்து இரண்டு கையாலும் குவளையைத் தட்டும் சத்தம் கேட்டது. தட்டியவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்கக் கூட்டம் திரும்பியது.

பூமிநாதன் தாடியைச் சொறிந்தார். “ஏப்பா சௌந்தரம், ஒன் சத்தியம் என்ன? வார்த்தை மாறாமச் சொல்லு.”

“எம்மக இவன் மடியில உக்கார மாட்டான்னு.”

“இப்ப ஒன் மக எங்க உக்காந்திருக்கா?”

“கப்புல.”

“அந்தக் கப்பு எங்க உக்காரக் கூடாதுன்னு சத்தியம் இருக்கா?”

சௌந்தரபாண்டியன் சாமியைப் பார்த்தார். சாமி ஆட்சேபம் ஒன்றும் தெரிவிக்கவில்லை. குவளையைப் பார்த்தார். விலாவில் எழுதியிருந்ததைப் பார்த்தார்.

“கப்பு என்னோடது” என்றார் மெதுவாக. “பேரு வெட்டியிருக்கு. எம்மக எஞ் சொத்துலதான் உக்காந்திருக்கா. சத்தியத்துக்குப் பழுதில்ல. தூக்குங்கலே!”

மாரிக்கண்ணன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான்கு பேர் பிள்ளையோடு குவளையைத் தூக்கி அவன் மடியில் இறக்கினார்கள். தொடை இரண்டும் முறிந்துபோகும் என்று நினைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பிடியை ஒரு கையாலும் விளிம்பை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டான். ஆசாரி குனிந்து முதல் காதைக் குத்தினார். தன்ஷிகா வீறிட்டாள். பிடிக்க எதையோ தேடிய சின்னக் கை, விளிம்பில் இருந்த அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது காது குத்தி முடிந்து கம்மல் போடும்வரை விடவில்லை. மாரிக்கண்ணனுக்குக் கண்ணீர் கொட்டியது. கால் வலியால் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதுவும் கொஞ்சம் உண்டு.

தங்கலட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அதற்குள் இலை போட்டாயிற்று என்று யாரோ சொல்ல, குவளையைத் தூக்க வேண்டிய நான்கு பேரும் முதல் பந்திக்கு ஓடிவிட்டார்கள். மாரிக்கண்ணன் குவளையை மடியில் வைத்தபடி தனியாக உட்கார்ந்திருந்தான். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

சௌந்தரபாண்டியன் டீயோடு வந்தார். கையில் இருந்தது பொங்கலுக்குக் கொடுத்த அந்த முதல் குவளை, ஒரு நூல் சிறுத்துப் போனது. அதன் விளிம்பு தினமும் வாய் வைத்து வைத்து வழவழப்பாகியிருந்தது.

“பெருசுல டீ ஆறிப்போகுது” என்றார், அவன் கேட்காமலே. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். “ஒண்ணு சொல்லணும் மாப்ள. சித்திரையில சர்வேயரக் கூட்டியாந்து பதினஞ்சு ஏக்கர் காட்டையும் அளந்தேன். ஒன்னயப் பொய்யன்னு ஆக்கத்தான் அளந்தேன். ரெண்டு செண்டு கம்மி.”

மாரிக்கண்ணன் அவரைப் பார்த்தான்.

“மொதல்ல பக்கத்துக் காட்டுக்காரன் சோலைச்சாமி வரப்பத் தள்ளிட்டான்னு நெனச்சு, அவன் சட்டையப் பிடிக்கக் கெளம்பிட்டேன். பாதி வழியில ஒன் பேச்சு ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்துட்டேன். அவனக் காதுகுத்துக்கும் கூப்புட்டேன். நீ சொன்னது சரிதான். மண்ணு சுருங்கத்தான் செய்யிது.”

பந்தியில் மூன்றாவது இலையில் சோலைச்சாமி உட்கார்ந்திருந்தார். இவர்கள் பேச்சு காதில் விழுந்த மாதிரி இருந்தது. இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் பாயசத்தை வேகமாக வழித்துக்கொண்டிருந்தார்.

‘அது வேற, மச்சான்’ என்று சொல்ல மாரிக்கண்ணன் வாயைத் திறந்தான். மச்சான் அந்தத் திறந்த வாயில் குவளையை வைத்து, சிந்தாமல், பிள்ளைக்குப் புகட்டுகிற மாதிரி டீயை ஊற்றினார். அவன் மடக் மடக்கென்று குடித்தான். குடித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்.

“ஆமா மச்சான். கோடையில ரொம்பவே சுருங்கும்.”